168 கி.மீ. தூரத்தை 2.20 ஆல் வகுத்தால் ஏன் தப்பாக வருகிறது? வேகக் கணக்கும் நேர அலகும்

கடைசிபெஞ்ச்:
வணக்கம். ஒரு போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், பள்ளிக் கணக்கைத் தொட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டி 168 கி.மீ. தூரத்தை 2 மணி 20 நிமிடத்தில் கடக்கிறது, வேகம் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று கணக்கு. நான் 168ஐ 2.20ஆல் வகுத்தேன், 76.36 வந்தது. அதை கி.மீ./மணியில் இருந்து மீ./வினாடிக்கு மாற்ற 5/18ஆல் பெருக்கினால் 21.2. புத்தகத்தின் பின்னால் 20 என்று போட்டிருக்கிறது. மூன்று தடவை போட்டாயிற்று, கால்குலேட்டரிலும் தட்டிப் பார்த்தாயிற்று. அச்சுப்பிழையா? இன்னொன்று, 5/18, 18/5 இரண்டில் எதை எப்போது போடுவது என்பதில் எனக்கு எப்போதுமே தடுமாற்றம், இந்த முறை ஏதோ குருட்டாம்போக்கில் சரியாகப் போட்டேன் என்று நினைக்கிறேன்.

முக்கோணம்:
அச்சுப்பிழை இல்லை. 20 நிமிடம் என்பது 0.20 மணி இல்லை, 20/60 மணி. 168 ÷ 2.333 = 72. 72 × 5/18 = 20.

கடைசிபெஞ்ச்:
அட. ஆனால் கடிகாரம் பார்த்து எழுதும்போது 2.20 என்றுதானே எழுதுகிறோம்? கை தானாகவே அப்படிப் போய்விடுகிறது.

சாக்பீஸ்:
நானும் பல வருடம் கரும்பலகையின் முன் நின்றவன், இந்தத் தப்பை எத்தனை விடைத்தாளில் பார்த்திருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. பிழை உங்கள் கையில் இல்லை, அந்தப் புள்ளியில் இருக்கிறது. நாம் அதற்கு இரண்டு வேலை கொடுத்து வைத்திருக்கிறோம். 2.20 என்று நேரம் எழுதும்போது அந்தப் புள்ளி இரண்டு அலகுகளைப் பிரிக்கும் வேலி, இந்தப் பக்கம் மணி, அந்தப் பக்கம் நிமிடம், அவ்வளவுதான். 2.20 என்று எண் எழுதும்போது அது தசமப் புள்ளி, வலப்பக்கம் இருப்பது பத்தில் ஒன்று, நூறில் ஒன்று. கால்குலேட்டருக்கு முதல் அர்த்தம் தெரியாது. 2.30 என்று தட்டினால் அது 2.3 மணி என்று எடுத்துக்கொள்ளும், அதாவது 2 மணி 18 நிமிடம்.

இதில் வில்லங்கம் என்னவென்றால் விடை கொஞ்சம்தான் தப்புகிறது. 20க்குப் பதில் 2000 வந்திருந்தால் நீங்களே பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலில் இருந்து பார்த்திருப்பீர்கள். 21.2 வந்ததால்தான் புத்தகத்தின் மேல் சந்தேகம் வந்தது.

இதே புள்ளி கழித்தலில் இன்னும் மோசம் செய்யும். ஒரு ரயில் 9.40க்குக் கிளம்பி 12.10க்குச் சேர்கிறது, பயண நேரம் எவ்வளவு? கால்குலேட்டரில் 12.10 − 9.40 தட்டினால் 2.70 வரும். அதை 2 மணி 70 நிமிடம் என்று படித்து, 3 மணி 10 நிமிடம் என்று திருத்தி எழுதி, பெருமையாக அடிக்கோடும் போட்டுக் கொடுத்தவர்கள் உண்டு. உண்மையில் இரண்டரை மணி நேரம். கடன் வாங்கும்போது இங்கே வருவது 100 இல்லை, 60. போதாக்குறைக்கு நம் மொழியில் "மணி" என்ற ஒரே சொல் கடிகாரம் காட்டும் பொழுதையும் குறிக்கும், கழிந்த நேரத்தையும் குறிக்கும். "8 மணி" என்றால் எட்டாவது மணியா, எட்டு மணி நேரமா? கணக்கு எழுதும்போது "மணி நேரம்" என்று முழுசாக எழுதிப் பழகுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

உங்கள் கணக்குக்கு நானாக இருந்தால் தசமப் பக்கமே போக மாட்டேன். 20 நிமிடம் ஒரு மணியில் மூன்றில் ஒன்று, ஆக மொத்தம் 7/3 மணி. 168 × 3/7 = 72. மனக்கணக்கிலேயே முடிகிறது. அல்லது கேட்பது வினாடியும் மீட்டரும் என்பதால் ஆரம்பத்திலேயே அங்கே போய்விடலாம்: 140 நிமிடம், 8400 வினாடி, 1,68,000 மீட்டர், வகுத்தால் 20. 5/18 எங்கேயும் தேவைப்படவில்லை பாருங்கள்.

விரைவுவழி:
ஐயா சொல்வது வகுப்பறைக்குச் சரி. தேர்வு அறையில் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் கூடக் கிடைக்காது. 5/18ஐ மனப்பாடம் செய்யுங்கள், அதோடு இந்த வரிசையையும்: 18க்கு 5, 36க்கு 10, 54க்கு 15, 72க்கு 20, 90க்கு 25, 108க்கு 30. கேள்வி எடுப்பவர்கள் பெரும்பாலும் 18இன் மடங்கையே வைப்பார்கள், விடை முழு எண்ணாக வர வேண்டும் என்பதற்காக. எது எப்போது என்ற தடுமாற்றத்துக்கு ஒரே விதி: கி.மீ./மணியில் இருந்து மீ./வினாடிக்குப் போனால் எண் குறையும், அதனால் சின்னப் பின்னம். திரும்பி வந்தால் எண் கூடும், அதனால் 18/5.

சாக்பீஸ்:
"எண் குறையும், எண் கூடும்" என்று நீங்கள் சொன்னது நல்ல சோதனை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 5/18 ஒரே ஒரு பூட்டுக்கான சாவி. ஒருவர் நிமிடத்துக்கு 250 மீட்டர் ஓடுகிறார், மணிக்கு எத்தனை கி.மீ. என்று கேட்டுப் பாருங்கள். மனப்பாடம் செய்தவரில் பாதிப் பேர் 18/5ஆல் பெருக்கி 900 என்பார்கள். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் ஓடும் மனிதர்! ஒரு மணியில் 60 நிமிடம், 250 × 60 = 15,000 மீட்டர், ஆக 15 கி.மீ. என்று யோசிக்க அரை நிமிடம் ஆகுமா? 5/18 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவருக்கு இந்தச் சிக்கலே கிடையாது: 1000 மீட்டரின் கீழே 3600 வினாடி, சுருக்கினால் 5/18.

விரைவுவழி:
900 என்று போடுபவர் கேள்வியைப் படிக்கவில்லை, அது குறுக்குவழியின் குற்றம் இல்லையே.

கடைசிபெஞ்ச்:
நான் சொன்னால் சிரிக்காதீர்கள், எனக்கு அடிப்படையிலேயே ஒன்று புரியவில்லை. 1 மணி = 60 நிமிடம். அப்படியென்றால் மணியை நிமிடமாக மாற்ற 60ஆல் பெருக்க வேண்டும். ஆனால் மணிக்கு 90 கி.மீ. என்பதை நிமிடத்துக்கு மாற்றினால் 60ஆல் வகுத்து 1.5 என்கிறார்கள். அதே மணி, அதே நிமிடம், ஏன் ஒரு இடத்தில் பெருக்கல், இன்னொரு இடத்தில் வகுத்தல்?

இரவுப்பணி:
இது சிரிக்க வேண்டிய கேள்வியே இல்லை, இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். நான் செவிலியர், தினமும் இதைத்தான் செய்கிறேன். மணி என்பது இங்கே கோட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது, அதுதான் காரணம். 90 கி.மீ. மேலே, 1 மணி கீழே. கீழே இருக்கும் 1 மணியை எடுத்துவிட்டு அதே அளவுள்ள 60 நிமிடத்தை வைக்கிறோம். அப்போது 90 கீழே 60, அதாவது 1.5. நீங்கள் சொன்ன மாதிரி 60ஆல் பெருக்கத்தான் செய்தோம், ஆனால் பெருக்கியது கீழே இருப்பதை.

சூத்திரம் இல்லாமல் சொன்னால், காத்திருக்கும் நேரம் குறைந்தால் அதற்குள் நடப்பதும் குறையும். ஒரு மணியில் 90 போகிறவர் ஒரு நிமிடத்தில் 90ஐ விடக் குறைவாகத்தான் போக முடியும்.

வார்டில் இருந்து ஓர் உதாரணம். 1000 மி.லி. சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், குழாய் செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விட வேண்டும்? நான் அலகுகளோடுதான் எழுதுவேன்: 1000 மி.லி. × 20 சொட்டு/மி.லி. = 20,000 சொட்டு. 8 மணி நேரம் × 60 = 480 நிமிடம். 20,000 ÷ 480 = 41.67, ஏறக்குறைய 42 சொட்டு. மி.லி. மேலும் கீழும் அடிபட்டுப் போகும், மணி அடிபட்டுப் போகும், மிச்சம் நிற்பது சொட்டின் கீழே நிமிடம். மிச்சம் நிற்கும் அலகு கேள்வி கேட்ட அலகாக இல்லையென்றால் எண்ணைப் பார்க்கவே வேண்டாம், போட்டது தப்பு.

இதில் ஓர் அழகு உண்டு. குழந்தைகளுக்கும் சில மருந்துகளுக்கும் 60 சொட்டுக்கு 1 மி.லி. என்ற நுண்சொட்டு செட் இருக்கிறது. அதில் மணிக்கு 50 மி.லி. போக வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 50 சொட்டு. மணிக்கு 35 என்றால் 35 சொட்டு. கணக்கே வேண்டாம். மேலே ஒரு 60, கீழே ஒரு 60, இரண்டும் அடிபட்டு எண் அப்படியே நிற்கிறது. படிக்கும்போது இதை ஒரு வித்தை மாதிரி மனப்பாடம் செய்தேன், ஏன் என்று புரிந்த அன்று தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

முக்கோணம்:
அருமை. நாடித் துடிப்பையும் 15 வினாடி எண்ணி 4ஆல் பெருக்குவார்கள் அல்லவா, அதுவும் இதே கணக்குதானே?

இரவுப்பணி:
ஆமாம், 18 எண்ணினால் 72. ஆனால் அலகு மாற்றம் சரியாக இருந்தாலும் ஒரு விஷயம் கூடவே வரும். எண்ணும்போது ஒரு துடிப்பு விட்டுப்போனால் விடையில் நான்கு குறையும். 10 வினாடி எண்ணி 6ஆல் பெருக்கினால் ஆறு குறையும். துடிப்பு சீராக இல்லாத நோயாளிக்கு இந்தப் பெருக்கலே கூடாது, முழு நிமிடமும் எண்ண வேண்டும். பெருக்குவது, மிச்ச 45 வினாடியும் இப்படியே இருந்தது என்று நாமே சொல்லிக்கொள்வதுதான்.

நிரல்பூனை:
மென்பொருள் எழுதும் எங்கள் வேலையில் இது அடிக்கடி கடிக்கும். ஒரு சேவை "நிமிடத்துக்கு 600 கோரிக்கை" என்று வரம்பு வைக்கிறது, இன்னொன்று "வினாடிக்கு 10". காகிதத்தில் இரண்டும் ஒன்று. நடப்பில் முதலாவது, முதல் வினாடியிலேயே 600ஐயும் அனுப்பிவிட்டு மிச்ச 59 வினாடி சும்மா இருக்க விடலாம். இரண்டாவதில் அது நடக்காது. சராசரி ஒன்றாக இருந்தால் போதுமா, ஒவ்வொரு வினாடியும் அப்படி இருக்க வேண்டுமா என்பதை அலகு மாற்றம் சொல்லாது.

அப்புறம் மில்லிவினாடி, அதாவது வினாடியில் ஆயிரத்தில் ஒன்று. ஒரு இடத்தில் 30 வினாடி காத்திரு என்று நினைத்து 30 என்று கொடுத்தேன், அது மில்லிவினாடி எதிர்பார்த்தது, கண் சிமிட்டுவதற்குள் எல்லா இணைப்பும் அறுந்துவிட்டது. தேதியில் இதே கூத்து. கணினிகள் தேதியைக் குறித்துவைக்கும் யூனிக்ஸ் நேரம் 1970 தொடக்கத்தில் இருந்து எண்ணிய வினாடிகள். 170,00,00,000 வினாடி என்பது 2023 நவம்பர். அதையே மில்லிவினாடி என்று ஒரு நிரல் படித்தால் வெறும் 19 நாள் சொச்சம், 1970 ஜனவரி 20 என்று காட்டும். திரையில் 1970 ஜனவரியைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் உடனே "எவனோ ஆயிரத்தை விட்டுவிட்டான்" என்பார்கள்.

ஓட்டக்காரன்:
நாங்கள் வேகத்தை வேகமாகவே சொல்வதில்லை, ஒரு கி.மீ.க்கு எத்தனை நிமிடம் என்று தலைகீழாகச் சொல்வோம். அதனால் இந்த "மேலே கீழே" எனக்கு நன்றாகப் பழக்கம். 5 நிமிடம் 30 வினாடியில் ஒரு கி.மீ. என்றால் மணிக்கு எவ்வளவு? 330 வினாடி, 3600 ÷ 330 = 10.91 கி.மீ. நண்பர் ஒருவர் 60ஐ 5.30ஆல் வகுத்து 11.32 என்று எழுதி, 10 கி.மீ. ஓட்டத்தை 53 நிமிடத்தில் முடிப்பேன் என்று நம்பிக்கொண்டிருந்தார். முடிந்தது 55இல். பாவம், இரண்டு நிமிடத்தைத் தின்றது காலா புள்ளியா என்று கடைசி வரை அவருக்குத் தெரியவில்லை.

இன்னொரு சுவாரசியம். முதல் கி.மீ. 5 நிமிடம், இரண்டாவது 6 நிமிடம். சராசரி 5.5 நிமிடம், சரி. இதையே வேகமாகச் சொன்னால் மணிக்கு 12, மணிக்கு 10. சராசரி 11 என்று தோன்றும், தப்பு, 10.91தான். 2 கி.மீ., 11 நிமிடம், போட்டுப் பாருங்கள். இரண்டு பகுதியிலும் தூரம் ஒன்று, ஆனால் மெதுவாக ஓடியதில் அதிக நேரம் இருந்தேன். போகும்போது மணிக்கு 60, வரும்போது 40, சராசரி என்ன என்ற கேள்விக்கு 50 இல்லை, 48 என்று வருவதும் இதனால்தான்.

விரைவுவழி:
அதற்கும் குறுக்குவழி உண்டு, 2 × 60 × 40 ÷ (60 + 40).

சாக்பீஸ்:
உண்டு, தூரம் சமமாக இருக்கும் வரை. பாதி நேரம் 60, பாதி நேரம் 40 என்று கேள்வியை மாற்றினால் விடை 50.

விரைவுவழி:
சரி ஐயா, இந்த ஒரு புள்ளி உங்களுக்கு. தசமப் புள்ளி இல்லை.

கடைசிபெஞ்ச்:
😂 எனக்குத் தொட்டிக் கணக்கிலும் இதுதான் நடந்திருக்கும் போல. ஒரு குழாய் 2 மணி 30 நிமிடத்தில் நிரப்பும், இன்னொன்று 1 மணி 40 நிமிடத்தில், இரண்டையும் திறந்தால்? எனக்கு 52 நிமிடம் வந்தது, விடை 1 மணி நேரம்.

முக்கோணம்:
1/2.30 + 1/1.40 போட்டிருப்பீர்கள். எல்லாவற்றையும் நிமிடமாக்குங்கள்: 150, 100. ஒரு நிமிடத்தில் 1/150 + 1/100 = 5/300 = 1/60. ஆக 60 நிமிடம். நேரத்தைக் கலப்பாக வைத்துக்கொண்டு தலைகீழாக்கவே கூடாது, முதலில் ஒரே அலகு.

எந்த அலகு என்று கேட்டால், கணக்கில் இருப்பதிலேயே சிறிய அலகு. பின்னம் வராது. விடையை எழுதும்போது வேண்டுமானால் பெரிய அலகுக்குத் திரும்பலாம்.

சாக்பீஸ்:
ஆள், வேலை, நாள் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 12 பேர் தினம் 5 மணி நேரம் வேலை செய்து 8 நாளில் முடிக்கும் வேலையை, 8 பேர் தினம் 6 மணி நேரம் செய்தால் எத்தனை நாள்? நேர அலகை மாற்றக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் 8 நாளை 24ஆல் பெருக்கி 192 மணி நேரம் என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. இங்கே ஒரு நாள் என்பது 24 மணி நேரம் இல்லை, முதல் குழுவுக்கு 5, இரண்டாவது குழுவுக்கு 6. மொத்த வேலை 12 × 5 × 8 = 480 ஆள்-மணி. அடுத்த குழு ஒரு நாளில் 48 ஆள்-மணி செய்யும். 10 நாள். மாதமும் அப்படித்தான், 28இல் இருந்து 31 நாள் வரை நீளும் சுருங்கும், கேள்வியில் எத்தனை நாள் என்று சொல்லாமல் மாதத்தை நாளாக்கப் போகாதீர்கள்.

நிரல்பூனை:
எல்லாம் இந்த 60ஆல் வந்த வினை. பேசாமல் 100 நிமிடம் ஒரு மணி என்று வைத்திருக்கலாம்.

முக்கோணம்:
வைத்துப் பார்த்தார்களே. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1793இல், ஒரு நாளுக்கு 10 மணி, ஒரு மணிக்கு 100 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 100 வினாடி என்று சட்டமே போட்டார்கள். நாளுக்கு 86,400க்குப் பதில் ஒரு லட்சம் வினாடி, ஆக அந்த வினாடி நம் வினாடியில் 0.864. அங்கே 2.20 என்றால் உண்மையிலேயே 2.20. கடைசிபெஞ்ச் அங்கே பிறந்திருந்தால் இந்த இழையே இல்லை. 1795இல் கைவிட்டுவிட்டார்கள், மீட்டரும் கிலோவும் மட்டும் நிலைத்தன. 60க்கும் நியாயம் உண்டு: 2, 3, 4, 5, 6 எல்லாவற்றாலும் மீதி இல்லாமல் வகுபடும். மூன்றில் ஒரு மணி சுத்தமாக 20 நிமிடம். நூறில் மூன்றில் ஒன்று எடுத்துப் பாருங்கள், 33.33 என்று போய்க்கொண்டே இருக்கும்.

மின்கம்பி:
தாமதமாக வருகிறேன். வீதம் என்றால் எல்லாவற்றின் கீழேயும் நேரத்தைப் போட்டுவிடும் பழக்கமும் தப்பு. கிலோவாட் மணி என்பதைப் படித்தவர்களே "கிலோவாட்/மணி" என்று எழுதுகிறார்கள். வாட் என்பதற்குள்ளேயே வினாடி ஒளிந்திருக்கிறது, வினாடிக்கு ஒரு ஜூல். அதை நேரத்தால் பெருக்கினால்தான் ஆற்றல் வரும். 1500 வாட் ஹீட்டர் 20 நிமிடம் ஓடினால் 1.5 × 1/3 = 0.5 கிலோவாட் மணி. இங்கேயும் 0.20ஆல் பெருக்கி 0.3 என்பவர் வருவார், இப்போது அவரை எல்லோருக்கும் அடையாளம் தெரியும்.

முக்கோணம்:
முடுக்கத்தில் நேரம் இரண்டு தடவை கீழே வரும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 வினாடியில் 0இல் இருந்து மணிக்கு 108 கி.மீ. வேகம் எட்டும் கார்: வினாடிக்கு 10.8 கி.மீ./மணி என்று ஓட்டுபவர் சொல்வார், 3 மீ./வினாடி² என்று இயற்பியல் புத்தகம் சொல்லும். முதலாவதில் ஒரு மணியும் ஒரு வினாடியும் கீழே நிற்கின்றன, இரண்டாவதில் இரண்டும் வினாடி. கி.மீ./மணி என்ற பகுதியை மட்டும் மாற்றினால் போதும், 10.8 × 5/18 = 3.

கடைசிபெஞ்ச்:
நேற்று இரவு ஒன்று தனியாகப் போட்டேன், சரியா பாருங்கள். 120 மீ., 180 மீ. நீளமுள்ள இரண்டு ரயில்கள் எதிரெதிராக மணிக்கு 48, 60 கி.மீ. வேகத்தில் வருகின்றன, ஒன்றையொன்று கடக்க எவ்வளவு நேரம்? முதலில் 48ஐயும் 60ஐயும் தனித்தனியாக மாற்றப் போனேன், 13.33, 16.67 என்று அசிங்கமாக வந்தது. அப்புறம் கூட்டிவிட்டு மாற்றினேன், 108, விரைவுவழி சொன்ன வரிசையில் 30. தூரம் 300 மீ., 10 வினாடி. சாக்பீஸ் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

சாக்பீஸ்:
சரியான விடை. கூட்டியபின் ஒரே ஒரு தடவை மாற்றியது இன்னும் சரி.

கடைசிபெஞ்ச்:
நன்றி ஐயா, எல்லோருக்கும் நன்றி. இந்த வேகத்தில் பழைய நோட்டை எடுத்துப் புரட்டினேன். 105 கி.மீ., 1 மணி 45 நிமிடம் என்று ஒரு கணக்கு, 1.45ஆல் வகுத்து 72.4 என்று எழுதியிருக்கிறேன். இப்போது போட்டால் 60. பக்கத்தில் பென்சிலில் "புத்தகத்தில் விடை தப்பு" என்று என் கையெழுத்து. அதே நோட்டில் இன்னும் மூன்று இடத்தில் அதே வரி இருக்கிறது, ரப்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.